ஓர் ஆள் போதும்

வெளிநாட்டுத் தூதர்கள் வருகிறார்கள் என்பதற்காகத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் கழிவறையைக் கழுவினார்கள். கட்டடம் கட்டிய நாளிலிருந்து அது அப்படி ஒரு கழுவலைக் கண்டதில்லை. கழுவியது ஆண்கள் இல்லை. சிறையில் கிடக்கும் எட்டுப் பேரின் வீட்டுப் பெண்கள்.

"அவ்ளோ தூரம் பிளேன்ல வந்தவங்க நம்ம கக்கூசுக்கா போகப் போறாங்க?" என்றாள் எட்டுப் பேரில் ஒருவனான பெரியகையின் மனைவி, விளக்குமாற்றை உதறிக்கொண்டே.

"போனாலும் போவாங்க. மனுஷங்கதானே. நீ அந்த மூலையத் தேய்," என்றாள் ஊசிக்காரி.

ஊசிக்காரி என்பது அவளுடைய வேலையால் வந்த பெயர். துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைப்பவள். பதினாலு வயதில் ஊசி பிடித்தவள். வலது கட்டைவிரல் நகம் பிளந்தே வளரும். அவளுடைய புருஷன் உள்ளே இருந்தார். அவளுடைய தம்பியும் உள்ளே இருந்தான். எட்டுக் குடும்பங்கள் என்று சங்கத்தில் சொல்வார்களே தவிர, சரியாகப் பார்த்தால் ஏழு குடும்பங்கள்தான்.

நாட்டில் நடந்தது இதுதான். அதிபர் தேர்தலில் தோற்றார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெயித்தவர் தன் வீட்டு வாசலிலேயே பதவி ஏற்றுக்கொண்டார். இரண்டு பேர் நாட்டை ஆண்டார்கள். அதனால் யாரும் ஆளவில்லை. துறைமுகம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கப்பல்கள் கடலில் வரிசையாக நின்றன. ராணுவம் துறைமுகத்தின் இரும்பு வாசலைப் பூட்டிப் போட்டது. ஊர்வலம் போன நாளில், சரக்கு இழுக்கும் வடத்தை அந்த வாசலில் கட்டி எட்டுப் பேர் சேர்ந்து சரக்கு இறக்கும் ஒரு கேங் இழுத்தது. வாசல் சாய்ந்தது. பின்னால் நின்ற ராணுவப் பையன் ஒருவன் அதற்கு அடியில் சிக்கிச் செத்தான். அந்த கேங்கின் எட்டுப் பேரையும் அன்று சாயங்காலமே பிடித்துவிட்டார்கள்.

பிறகுதான் மூன்று நாடுகள் தூதர்களை அனுப்பின. கொடி கட்டிய கார்கள் அதிபர் மாளிகைக்கும் ஜெயித்தவரின் வீட்டுக்கும் நாய் மாதிரி அலைந்தன. எந்த மந்திரிப் பதவி யாருக்கு, எந்தக் கட்டடம் யாருக்கு என்று எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்று ரேடியோ சொன்னது. எஞ்சியது இந்த எட்டுப் பேர். அவர்களை விடாமல் ஒரு பெட்டியையும் இறக்க மாட்டோம் என்றது சங்கம். செத்த என் சிப்பாய்க்கு யார் பதில் சொல்வது என்றார் ராணுவத் தளபதி.

கார்கள் வந்தன. வயதான ஒரு தூதர், தடித்த கண்ணாடி. கூடவே இளம்பெண் ஒருத்தி, அவளும் தூதராம். மொழிபெயர்க்க உள்ளூர்ப் பையன் ஒருவன், கழுத்தை நெரிக்கும் டை. சங்கச் செயலாளர் நாற்காலிகளைத் தன் சட்டையாலேயே துடைத்தார்.

கொடுத்த டீயைப் பெரிய தூதர் முகம் சுளிக்காமல் குடித்தார். பெண்களுக்கு அது பிடித்திருந்தது. இறந்துபோன சிப்பாயின் தாயைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவள் கல்குவாரியில் ஜல்லி சுமக்கிறவள் என்றும், இவர் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கூடையைக் கீழே இறக்கவே இல்லை என்றும் சொன்னார். பெண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அதுவரை அந்தப் பையனுக்குத் தாய் இருப்பதை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"மாண்புமிகு தூதர் அவர்கள் வினவுகிறார்," என்றான் மொழிபெயர்ப்புப் பையன். "எட்டு நபர்களும் தனித்தனியே குற்றத்தை ஏன் ஒப்புக்கொண்டனர்?"

"இந்தப் பிள்ளை வீட்லயும் நியூஸ் வாசிக்கிற மாதிரிதான் பேசுமா?" என்று யாரோ பின்னால் முணுமுணுக்க, சிரிப்பு வந்தது. அடங்கியதும் ஊசிக்காரிதான் எழுந்து பதில் சொன்னாள்.

"கேங்ல அப்படித்தான் வழக்கம். பெட்டி கீழ விழுந்து உடையும். மேஸ்திரி வந்து யாருடா போட்டதுன்னு கத்துவாரு. எட்டுப் பேரும் கையத் தூக்கி நான்தான் நான்தான்னு சொல்லணும். ஒருத்தன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. எட்டுப் பேர எப்படி அனுப்புவாரு? கப்பல் நிக்குதில்ல. திட்டிட்டுப் போயிடுவாரு. புதுசா சேர்ற ஆளுக்கு மூட்டை தூக்கக் கத்துக்குடுக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லிக்குடுப்பாங்க."

போலீஸ் ஸ்டேஷனிலும் அதிகாரி கேட்டார், வாசலைச் சாய்த்தது யார் என்று. எட்டுக் கைகள் உயர்ந்தன. மேஸ்திரி என்றால் திட்டியிருப்பார். அதிகாரி திட்டவில்லை. சிரித்தார். எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். ஒவ்வொருவரையும் தனித்தனி அறைக்கு அழைத்துச் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு எட்டுப் பேரும் அந்த டீயைக் குடித்திருக்கிறார்கள்.

பெரிய தூதர் கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ சொன்னார்.

"மிக அழகிய வழக்கம் என்கிறார்," என்றான் பையன்.

"அழகுக்குப் பண்றதில்லைன்னு சொல்லு தம்பி. வேலை போகாம இருக்கறதுக்குப் பண்றது."

பையன் அதை மொழிபெயர்த்தானா என்று தெரியவில்லை. தூதர் தொடர்ந்தார். தளபதி இறங்கி வந்திருக்கிறார். எட்டுப் பேரும் வேண்டாம், ஓர் ஆள் போதும் என்கிறார். ஏழு பேர் தாங்கள் சொன்னதைத் திரும்பப் பெற்றால், உடன்படிக்கை கையெழுத்தாகும் அன்றே வெளியே வரலாம். ஒருவர் மட்டும் திரும்பப் பெறக் கூடாது. அவருக்குத் தண்டனை உண்டு. பிற்பாடு, பொருத்தமான காலத்தில், பொதுமன்னிப்புக்குத் தாங்கள் முயல்வதாகவும் சொன்னார்.

"பொருத்தமான காலம்னா எப்போ?" என்றாள் பெரியகையின் மனைவி.

தூதர் நெடுநேரம் பேசினார். பையன் சுருக்கமாகச் சொன்னான்: "இப்போது கூற இயலாதாம்."

"சரி, அந்த ஒருத்தன் யாரு? அதையாவது சொல்வாரா?"

"அதை அவர்கள் கூற மாட்டார்கள். இன்னொரு நாட்டு விஷயத்தில் அந்நியர்கள் தீர்மானிப்பது முறையன்று என்கிறார்."

அப்போது இளம்பெண் தூதர் வாயைத் திறந்தாள். கயிறு இழுக்கும்போது யாராவது ஒருவர் குரல் கொடுப்பார் அல்லவா, எல்லோரும் அந்தக் குரலுக்குத்தானே இழுப்பார்கள் என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை. படித்திருப்பாள், அல்லது எங்காவது பார்த்திருப்பாள்.

ஊசிக்காரியின் புருஷனைத் துறைமுகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குரல்காரர் என்றால்தான் தெரியும். அவர் தொண்டையைத் திறந்தால் மூன்றாவது கிடங்கில் இருப்பவன்கூடக் கயிற்றைத் தேடுவான். வாசல் சாய்ந்த அன்றைக்கும் அவர்தான் கத்தினார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"அப்படி ஒருத்தர்னு கிடையாது. எல்லாரும் சேர்ந்துதான் கத்துவாங்க," என்றார் செயலாளர், சுவரைப் பார்த்தபடி.

எட்டுப் பேரிடமும் விஷயத்தைச் சொல்ல, குடும்பங்கள் சார்பில் ஓர் ஆளைச் சிறைக்குள் விட ஏற்பாடு செய்துவிட்டு, தூதர்கள் எழுந்தார்கள். பெரிய தூதர் எல்லாப் பெண்களின் கையையும் பிடித்துக் குலுக்கினார். கழிவறைக்கு யாரும் போகவில்லை.

கார்கள் போனதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் ஊசிக்காரியைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள்.

"யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும், நானே சொல்லிடுறேன்," என்றாள் பெரியகையின் மனைவி. "அப்புறம் என்னை எவ்ளோ வேணாத் திட்டிக்கோ. எனக்கு மூணு பிள்ளைங்க. கடைசி இன்னும் பால் மறக்கல. குரல் உன் வீட்டுக்காரரோடது. அவருன்னு நான் சொல்லல. உன் தம்பிக்குக் குடும்பமா குட்டியா? அவன்னும் சொல்லல. ஆனா உன் வீட்லதான் ரெண்டு பேரு."

"என் வீட்ல ரெண்டு இருந்தா ஒண்ண உங்களுக்குத் தூக்கிக் குடுத்துடணுமா?"

"நான் அப்படிச் சொல்லல அக்கா."

"வேற எப்படிச் சொன்னே?"

பெரியகையின் மனைவி அழ ஆரம்பித்தாள். ஊசிக்காரிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. கழுவிய வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நானே போறேன்," என்றாள்.

தம்பியை எல்லோரும் நெட்டை என்பார்கள். ஆள் வளர்த்தி. அப்பா கப்பலின் அடித்தட்டில் மூட்டைச் சரிவில் நசுங்கிச் செத்தபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை. அம்மா அதற்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊசிக்காரிதான் சாக்குத் தைத்து அவனை வளர்த்தாள். அவன் தச்சு வேலைக்குப் போகிறேன் என்றான். இவள்தான் கேட்கவில்லை. நாலு காசு கூட வரும் என்று புருஷனிடம் மல்லுக்கட்டி அவனை கேங்கில் சேர்த்துவிட்டாள். "உன் தம்பி தோள் மூட்டைக்கு ஆகாது, ஒட்டடை அடிக்கத்தான் ஆகும்," என்று புருஷன் கிண்டல் செய்தார், ஆனால் சேர்த்துக்கொண்டார்.

சிறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. ஜெயில் அதிகாரிக்குப் பல்வலி போல. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"எட்டுப் பேரையும் மொத்தமா கூட்டிட்டு வர முடியாது. ஒரு ஆளக் கூப்பிடும்மா. அவன்கிட்ட சொல்லு. அவன் போய் மத்தவங்களுக்குச் சொல்லிக்கட்டும். யாரக் கூப்பிடட்டும்?"

கேங்கின் தலை அவளுடைய புருஷன். எந்தச் செய்தியானாலும் அவரிடம்தான் முதலில் போகும். அதுதான் முறை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். சொன்னால் அவர் என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். பேச்சை முடிக்க விடாமல் கையைத் தூக்குவார்.

"நெட்டையக் கூப்பிடுங்க," என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். மொட்டை அடித்திருந்தார்கள். "என்னக்கா, மாமா உள்ள தலையச் சீவிட்டு உட்கார்ந்திருக்காரு. பொண்டாட்டி வந்திருக்கான்னு சொன்னானுங்க. என்னைக் கூப்பிட்டதும் மனுஷன் மூஞ்சிய..."

அக்காளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். உட்கார்ந்தான்.

தூதர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "யாருங்கறத நீங்களே பேசி முடிவு பண்ணிக்கணுமாம்," என்று முடித்தாள்.

அவன் மொட்டைத் தலையைத் தடவினான். "பேசி முடிவு பண்றதா இருந்தா மாமாவத்தானேக்கா கூப்பிட்டிருப்ப."

அவள் பிளந்த கட்டைவிரல் நகத்தைப் பெஞ்சு விளிம்பில் தேய்த்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லல. சரியா? எட்டுப் பேர்ல ஒருத்தன்னு சொன்ன. அவ்ளோதான்."

"டேய்..."

"மாமாகிட்ட இப்படியே போய்ச் சொன்னா அவரு கையத் தூக்கிடுவாரு. அப்புறம் இவனுங்களும் தூக்குவானுங்க. கழுதைங்க. மறுபடி மொதல்ல இருந்து." குரலைத் தாழ்த்தினான். "எட்டுப் பேரும் வாபஸ் வாங்கினா எட்டுப் பேரையும் விட்டுடுவாங்களாம்னு சொல்லப் போறேன். தூதர் வந்து பேசி முடிச்சிட்டாரு, அக்கா சொல்லுச்சுன்னு சொன்னா நம்புவாரு. தனித்தனியாத்தானே எழுதி வாங்குவாங்க? என் முறை வர்றப்போ நான் வாங்கல. அவ்ளோதான் விஷயம்."

"தூதர் மன்னிப்பு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"பாத்தியா. அப்புறம் என்ன? வெளியில இருந்தாலும் உன் வீட்டுத் தாழ்வாரத்துலதான் படுத்துக் கெடந்தேன். இங்கயும் அதே தரைதான்." சிரித்தான். அக்கா மகளைக் கேட்டான்: "பாப்பா கணக்குல பாஸாயிட்டாளா?"

"ஆயிட்டா."

"பொய் சொல்லாத. அது என்னைக்குக் கணக்குல பாஸாச்சு?"

அவன் எழுந்து போகும்போது ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தாள். பார்க்கவில்லை. அது நல்லதுக்குத்தான் என்று பஸ்ஸில் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

உடன்படிக்கை கையெழுத்தானதை டீக்கடை டிவியில் காட்டினார்கள். அதிபரும் ஜெயித்தவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடுவில் பெரிய தூதர் இரண்டு பேர் முதுகிலும் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கடலில் நின்ற கப்பல்கள் சேர்ந்து ஊதின. தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டார்கள். நாடு பிழைத்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து தெருவில் துப்பாக்கிச் சத்தம் நின்றது.

சிறை வாசலில் ஏழு பேர் வந்தார்கள். குரல்காரர் வெளியே வந்ததும் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். கதவைச் சாத்தினார்கள். "இன்னொருத்தன் இருக்கான்," என்றார் காவலரிடம். "இல்லை," என்றார் காவலர். "எட்டுப் பேருய்யா நாங்க." காவலர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பெரியகை தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

குரல்காரர் வீட்டுக்கு வரவில்லை. செயலாளரை இழுத்துக்கொண்டு நேராகத் தூதர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனார். இருட்டுவதற்கு முன் திரும்பி வந்தார். பாப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவிக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்.

"பெரியவரு பிளேன் ஏறிட்டாராம். அந்தப் பொண்ணு மட்டும் பெட்டியோட நின்னுச்சு," என்றார். "நான்தான் குரல் குடுத்தேன், அவன் கடைசி ஆளா வடத்தோட நுனியத்தான் புடிச்சிருந்தான், என்னை எடுத்துக்கிட்டு அவன விடுங்கன்னு சொன்னேன். அந்த டை கட்டின பையன் எடுத்துச் சொன்னான். அதுக்கு அவ சொல்றா, கையெழுத்து ஆயிடுச்சாம். இப்போ அதப் பிரிச்சா எல்லாம் கலைஞ்சிடுமாம். ஏழு பேரும் மறுபடி உள்ள, ராணுவம் மறுபடி தெருவுல. நான் சொன்னத அவ கேட்கவே இல்லைன்னு வெச்சுக்கறாளாம்." வறண்ட சிரிப்பு ஒன்று வந்தது. "சொல்லிட்டு அழுவுது. சின்னப் பொண்ணு. கடைசியில நான்தான் அதுக்குச் சமாதானம் சொல்லிட்டு வர்றேன்."

அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"எட்டுப் பேரையும் விடறாங்கன்னு நீ சொன்னதா அவன் சொன்னான்."

"நான் அப்படிச் சொல்லல."

"அது தெரியும். நீ அன்னைக்கு யாரக் கூப்பிட்ட?"

அவருக்கு அதுவும் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"அவன."

அவர் கத்தவில்லை. ஊரே கேட்கும்படி பேசுகிற மனுஷன், பக்கத்தில் நின்றவளுக்கே கேட்காத மாதிரி, "ஏன்?" என்றார்.

"நீங்க வேணும்னு," என்றாள்.

அவர் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். நெட்டை படுக்கும் இடத்தில் விரித்தார்.

மறுநாளே துறைமுகம் திறந்தது. நின்றிருந்த கப்பல்களையெல்லாம் இறக்க வேண்டும், மூச்சுவிட நேரமில்லை. அவள் கிடங்கில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். குரல்காரரின் கேங் பக்கத்து மேடையில்தான் வேலை செய்தது. இப்போது குரல் கொடுப்பது பெரியகை. அவன் குரல் உடைந்த தகரம் மாதிரி இருந்தது. வடம் ஒரே இழுப்பில் வரவில்லை.

நெட்டைக்குப் பத்து வருஷம் போட்டார்கள். கடற்கரையிலிருந்து தூரத்தில், மேட்டு நிலத்தில் இருந்த சிறைக்கு மாற்றினார்கள். முதல் சந்திப்புக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஜன்னல் ஓரம் அவளுக்கு. வாசலில் காவலர் ஓர் ஆளுக்குத்தான் அனுமதி என்றார்.

"நீங்க போங்க," என்றாள் அவள்.

அவர் மதில் நிழலில் குந்தி உட்கார்ந்தார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போகச் சொல்ற," என்றார். அவள் உள்ளே போனாள்.

அவனுக்கு முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. தோள் முன்பைவிட ஒடுங்கியிருந்தது. அக்காளைப் பார்த்ததும் அதே சிரிப்பு.

"மாமா எங்க?"

"வெளிய இருக்காரு."

"கோவமா?"

"உன் மேல இல்ல."

"சரியாப் போயிடும் விடு. அவருக்கு ரெண்டு நாளைக்கு மேல கோவம் நிக்காது." முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "தூதருங்க யாராவது வந்தாங்களா? மன்னிப்பு பத்தி?"

"வேற ஆளுங்க வந்திருக்காங்களாம். செயலாளர் போய்ப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காரு."

"பார்க்கச் சொல்லு. இங்க ஏதோ தோட்ட வேலைக்கு என்னைப் போட்டிருக்காங்கக்கா. மண்வெட்டி புடிச்சுப் புடிச்சுக் கையே மாறிப்போச்சு. திரும்பி வந்து வடம் புடிச்சா மாமா சிரிப்பாரு." பிறகு, ஞாபகம் வந்தது போல, "என் இடத்துல ஆள் போட்டுட்டாங்களா?" என்றான்.

வழியெல்லாம் எதையெதையோ யோசித்து வந்தவள் இதை யோசிக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏற்கெனவே அவனிடம் வாயைத் திறக்காமலே செய்தது போதும் என்று தோன்றியது.

"போட்டுட்டாங்க. மொத நாளே."

அவன் தலையாட்டினான். "ஏழு பேரால முடியாதில்ல. போட்டுத்தான் ஆகணும்." பிறகு கேட்டான்: "ஆள் எப்படி?"

"நல்லா வேலை செய்றானாம்."

"தோள் இருக்கா?"

"இருக்கு."

அவன் கம்பி வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஏதாவது கேட்பான், கிண்டல் செய்வான், பாப்பாவின் கணக்கைப் பற்றிப் பேசுவான் என்று அவள் காத்திருந்தாள். மணி அடித்தது. மற்றக் கைதிகள் எழுந்து வரிசையில் நின்றார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. காவலர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அருகில் வந்து அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்.